கும்பிடப் போன கூட்டம்

யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தாவாக இந்த நாட்டுக்கு வந்ததும் நான் பாடமாக்கியது பதவிப் பெயர்களைத்தான். டிஸ்திரிக்ட் ஆபீசர், அவருக்கு மேல் ரெசிடெண்ட், அதற்கும் மேல் சீஃப் செக்ரட்டரி, எல்லாருக்கும் மேல் ஹை கமிஷனர். எங்கள் கோலசிலாங்கூர் அரசாங்கக் கச்சேரியில் துரை விடுப்பில் போனால், மறுநாளே வேறொருவர் 'ஆக்டிங்' என்று அந்த நாற்காலியில் உட்காருகிறார். நேற்றுவரை யாரென்றே தெரியாதவரின் கையெழுத்துக்கு இன்று ஊரே நடுங்குகிறது. யாழ்ப்பாணத்தில் மணியகாரரிடம் காரியம் ஆகவேண்டுமென்றால், அவர் யாருடைய மருமகன் என்று விசாரித்து, ஒரு வாழைக்குலையோடு போவோம். இங்கே நாற்காலிக்கு மாமனும் இல்லை, மருமகனும் இல்லை.

ஜெராம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டுகிறவன் வீரன். கூலிகள் குடியிருக்கும் லயத்துக் கிணறு உப்பேறி, பிள்ளைகளுக்கு வயிறு கழிந்தது. நல்ல தண்ணீர் கேட்டுத் தோட்டத் துரையிடம் போக முடிவாயிற்று. பெரிய மனிதர் முன்னால் ஒற்றையாய்ப் போய் நிற்பது மரியாதையில்லை என்பது லயத்து வழக்கம். ஆகவே ஆண், பெண், பிள்ளைகள் எல்லாரும் மேளத்தோடு பங்களாவுக்குப் போனார்கள். முன்னால் மாலையோடு வீரன். மேளச் சத்தம் கேட்ட துரை கதவைச் சாத்திக்கொண்டு போலீசுக்கு ஆள் அனுப்பினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கலகக்காரன் என்று வீரனைப் பிடித்து அடைத்தார்கள். அவனை நாடு கடத்தும்படி மேலே எழுதவும் செய்தார்கள். அதற்கு வழக்கும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். ஒரு கையெழுத்துப் போதும்.

அவன் பேச்சை மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள்.

"ஏன் இவ்வளவு பேரும் போனனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒத்தையா போனா தொரைய மதிக்கலன்னு ஆயிடுமேங்க. கும்பிடத்தானுங்க போனோம்."

இதை டிஸ்திரிக்ட் ஆபீசரிடம் சொல்லப் போகையில் என் உத்தியோகத்தை நினைத்து வாசலிலேயே இரண்டு தரம் திரும்பினேன். அவர் பொறுமையாகவே கேட்டார். "இருக்கலாம். ஆனால் உத்தரவு என்னுடையதல்ல, மேலேயிருந்து வருவது" என்றார். மேலே இருப்பவர்கள் எதைப் பார்த்து முடிவு செய்வார்கள் என்று கேட்டேன். "நாம் அனுப்பிய அறிக்கையைத்தான்" என்றார். அன்றைக்கு வந்த பயம் இன்னும் என்னை விடவில்லை. இத்தனை பேர் ஆளுகிற நாட்டில், மனுக் கொடுக்க முகமுள்ள ஒருவர் இல்லை.

உத்தரவு வந்தது. பிறந்த நாட்டுக்கு அவனைத் திருப்பி அனுப்ப வேண்டும், அவனை மட்டும். அதை வாசித்துச் சொன்னேன். அவன் மனைவி அஞ்சலை கைக்குழந்தையோடு வெளியே நின்றாள். வீரன் அழவில்லை.

"என்னைக் கைப்புள்ளையா தூக்கியாந்தாங்க. ஆயி அப்பன் போய்ச் சேந்துட்டாங்க. நாகப்பட்டணத்துல எறங்கி எந்தப் பக்கம் போவணும் ஐயா?"

யாழ்ப்பாணத்தானுக்கு அது எப்படித் தெரியும்? "இறங்கின இடத்தில ஆரையும் கேள், சொல்லுவினம்" என்றேன்.

"எந்த ஊருன்னு கேக்கறதுங்க?"