கணக்கு என்று எழுதிய அட்டை

ஒத்தக்கடை வீட்டில் உட்கார்ந்து மகளின் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். பிரவுன் பேப்பரை மடித்ததும் எழுந்த வாசத்தில் கை அப்படியே நின்றுவிட்டது.

காளவாசல் வாடகை வீட்டில் அக்காவும் இப்படித்தான் அட்டை போட்டாள், பழைய புத்தகக் கடையில் வாங்கிய, படம் வரையப் பழகும் புத்தகம் ஒன்றுக்கு. அப்பாவுக்குத் தெரியாமலிருக்க மேலே லேபிள் ஒட்டி 'கணக்கு, பத்தாம் வகுப்பு' என்று எழுதினாள். பக்கத்துக்குப் பக்கம் வேடிக்கையாக எழுதிய புத்தகம் அது. தினம் ஒரு பாடம். என் இடது கையைத் தரையில் வைக்கச் சொல்லி, பார்த்துப் பார்த்து வரைவாள். "ஆடாதடி" என்பாள், தானே குலுங்கிச் சிரித்துக்கொண்டு.

அந்தச் சிரிப்புதான் அப்பாவை உறுத்தியது. "கணக்குப் புஸ்தகத்தப் பாத்து எவளாச்சும் இம்புட்டுச் சிரிப்பாளா?" என்று என்னிடம் கேட்டார். முந்தின நாள் அக்கா எனக்கு ரிப்பன் தரவில்லை. சொல்லிவிட்டேன்.

அப்பா அடிக்கவில்லை. வெந்நீர் அடுப்பில் புத்தகத்தை வைத்தார். அந்தத் தண்ணீரில்தான் நாங்கள் இருவரும் குளித்துப் பள்ளிக்கூடம் போனோம். அதற்கப்புறம் அவள் என் கையைக் கேட்கவே இல்லை.

அக்கா இப்போது கணக்கு டீச்சர். போன் போட்டேன். முப்பது வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன்: "அக்கா, அன்னைக்கு அப்பாகிட்டச் சொன்னது நான்தான்."

"தெரியும்டி" என்றாள். பிறகு அவளே தொடர்ந்தாள்:

"விரல் அஞ்சும் முடிச்சிருந்தேன். மறுநாள் பாடம் நகம். அத எப்படிப் போடணும்னு எனக்குத் தெரியாமலே போச்சு."