மாமி நின்ற பூசைகள்

"...கால் ஒண்ணும் செய்யாது மக்கா, நீ இரி. நான் நின்னுக்கிடுதேன்" என்றாள் மாமி. இராஜாக்கமங்கலத்திலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில் அப்போது பாதி சீட்டு காலியாகக் கிடந்தது. கண்டக்டர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, வேண்டுதலோ என்னவோ என்று விட்டுவிட்டார். மாமி கம்பியைப் பிடித்தபடி, பஸ்ஸுக்கே காவலுக்கு வந்தவள் போல நின்றுகொண்டு வந்தாள்.

என் அப்பாவின் தங்கை அவள். அப்பாவோடு பிறந்தவளை எங்கள் பக்கம் மாமி என்றுதான் கூப்பிடுவோம். கடற்கரையில் மீன் எடுத்து, அலுமினியச் சட்டியில் தலைச்சுமையாகக் கொண்டுபோய் கடலைவிட்டு உள்ளே இருக்கும் ஊர்களில் வீடு வீடாக விற்பாள். கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. மாமாவுக்குக் கத்தாரில் மீன்பிடிப் படகில் வேலை. ஒன்பது வயதில் நான் எங்கள் வீட்டில் இருந்ததைவிட அவள் வீட்டில் இருந்ததே அதிகம். மாமியைப் பற்றி எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அவள் காப்பிப்பொடி நிறத்திலும் கறுஞ்சிவப்பிலும்தான் சேலை எடுப்பாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடமிருந்து பழைய நூல்சேலைகளை வாங்கிக் கிழித்து மடித்து வைப்பாள் என்று தெரியும். எங்காவது உட்கார்ந்து எழுந்தால் உடனே இடுப்பை வளைத்துச் சேலையின் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்ப்பாள். அதை ஏதோ நாகரிகம் என்று நினைத்து நானும் எழுந்தபோதெல்லாம் பாவாடையைத் திரும்பிப் பார்த்துப் பழகியிருந்தேன்.

எங்கள் கோயிலில் அந்த வருடம்தான் வெள்ளை டைல்ஸ் பதித்தார்கள். வளைகுடாவில் இருந்த ஒருவரின் உபயம். பெஞ்சு கிடையாது. பிரசங்கம் தொடங்கியதும் பெண்கள் பக்கம் மொத்தமும் தரையில் அமர்ந்துவிடும். மாமி மட்டும் கடைசித் தூணில் சாய்ந்து நிற்பாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் உட்கார்ந்தால் அதிகம்.

ஞாயிறு வகுப்பு எடுக்கும் சிஸ்டர் ஒருநாள் என்னிடம் கேட்டார். "உன் மாமி ஏன் எப்பவும் நிக்காங்க? காலுல ஏதாவது தீனமா?"

என் மாமிக்குத் தீனமா! எனக்குச் சுருக்கென்று வந்தது.

"நேர்ச்சை, சிஸ்டர். பிள்ளை வேணும்னு மாதாகிட்ட நேந்திருக்கா. அதுவரைக்கும் கோயில்ல உக்கார மாட்டா."

எங்கிருந்து வந்ததென்று தெரியாது, வாயைத் திறந்ததும் முழுசாக வந்து விழுந்தது. சிஸ்டரின் கண் நிறைந்துவிட்டது. கேட்டவர் அழுதுவிட்டால் சொன்ன பொய்யை எப்படித் திரும்ப வாங்குவது?

அடுத்த ஞாயிறு பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். சிலுவையடியில் மாதா நின்றார்கள், உட்காரவில்லை. நம்முடைய பங்கிலும் ஒரு சகோதரி அப்படி நிற்கிறாள். அத்தனை கழுத்தும் தூணை நோக்கித் திரும்பியது. மாமி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். அது பணிவு என்று நினைத்தேன். எனக்கு நெஞ்சு விம்மியது.

வீட்டுக்கு வந்ததும் மாமி என் காதைப் பிடித்தாள்.

"ஏட்டி, நீதான் சொன்னியா?"

"ஓ" என்று தலையாட்டினேன்.

கோபப்படுவாள் என்று பார்த்தால் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நல்ல காரியம் செஞ்ச போ. இனிமே எனக்கு ஆவுற நாள்லயும் அங்கன உக்கார முடியாது" என்றாள். அதையும் அவளுடைய தமாஷ்களில் ஒன்றாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் நான்கு பெண்கள் நின்றார்கள். மகனுக்கு விசா கிடைக்க ஒருத்தி, மருமகளுக்கு நாக்கு அடங்க ஒருத்தி. பிறகு பன்னிரண்டு பேர். நிற்காதவளுக்கு விசுவாசம் குறைவு என்று ஆகிவிடுமே! ஒரு மாதத்துக்குள் பெண்கள் பக்கம் முழுவதும் நின்றது. ஆண்களுக்கு இதில் நஷ்டமில்லை, அவர்களில் பாதிப்பேர் எப்போதும் வாசலுக்கு வெளியே நின்று பேசுகிறவர்கள்தான். மாமி மட்டும் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு வந்தாள். மீன் சட்டியைத் தலையில் ஏற்றிவிட ஒரு கைக்கு இரண்டு கை வேண்டியிருந்தது. "ஆசுபத்திரிக்குப் போவமா" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "திருநாள் கழியட்டும் மைனி" என்பாள்.

திருநாளன்று வெளியூரிலிருந்து வந்த சாமியாரின் பிரசங்கம். மாதா சபைப் பெண்கள் எல்லாரும் நீலக்கரை வைத்த வெள்ளைச் சேலையில் வரிசையாக நின்றார்கள். மாமியும் சபையில் சேர்ந்தவள்தான். ஆனால் காப்பிப்பொடிச் சேலையில் தூணோடு நின்றாள். "எல்லாரும் வெள்ளையில நிக்கம்போ இவளுக்கு மட்டும் என்ன தனிப் பெரும?" என்று முன்னால் நின்றவள் முனகியது எனக்குக் கேட்டது. திரும்பினேன். மாமி தூணில் முதுகை உரசியபடி மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே வெள்ளை டைல்ஸ் சிவந்தது.

நான் கத்துவதற்குள் அம்மா என் வாயைப் பொத்தினாள். அதன்பிறகு நடந்தது யாரும் சொல்லிக் கொடுத்து நடந்ததல்ல. முனகியவள் ஓரடி பின்னால் வந்தாள். பக்கத்தில் நின்றவள் நெருங்கினாள். நின்றிருந்த அத்தனை பெண்களும் தோளோடு தோள் சேர்ந்து வெள்ளைச் சுவரானார்கள். பீடத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் எதுவும் தெரியவில்லை. பிரசங்கம் ஒரு சொல் பிசகாமல் நடந்தது. கறுப்புப் போர்வை ஒன்று எங்கிருந்தோ வந்தது, ஈரத்துணி வந்தது, பின்வாசலில் ஆட்டோ வந்தது. என் பொய்யால் எழுந்து நின்றவர்கள்தான் அவளுடைய மானத்தை மறைத்தார்கள். அதற்காக நான் பெருமைப்படலாமா, வெட்கப்படலாமா என்று இன்றும் எனக்கு முடிவாகவில்லை.

ஆஸ்பத்திரியில் கையில் ஒரு ஆரஞ்சைக் கொடுத்து என்னை வெளியே உட்காரவைத்தார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"மாசத்துல பதினஞ்சு இருபது நாள் இப்படிப் போயிருக்கு. எத்தனை வருஷமா?" டாக்டரம்மாவின் குரல்.

"சுமை தூக்கினதுனாலயா வந்துது?" என்று மாமி கேட்டாள்.

"இல்லம்மா. கர்ப்பப்பைச் சதையில வளருற கட்டி இது. ஏன் வருதுன்னு முழுசா யாருக்கும் தெரியாது. உடம்புல சுரக்குற ஹார்மோன்தான் அதுக்குத் தீனி. சில குடும்பத்துல அம்மா, தங்கச்சின்னு தொடர்ந்தும் வரும். சுமையாலயும் வரல, நீங்க செஞ்ச எதுனாலயும் வரல. ஸ்கேன்ல பார்த்தவரைக்கும் கேன்சர் மாதிரி தெரியல."

பிறகு மாமி, நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டாள். "கர்ப்பப்பைய எடுத்துருவியளா?"

அவளை இத்தனை வருடம் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க விடாதது அந்தக் கேள்விதான் என்று பிற்பாடு அம்மா சொன்னாள்.

"சிலருக்கு மாத்திரை போதும், சிலருக்குக் கர்ப்பப்பையையே எடுக்கணும். உங்களுக்குப் பிள்ளை ஆசை இருக்கு, கட்டிய மட்டும் எடுக்கப் பார்க்கேன். மறுபடி வரவும் வாய்ப்புண்டு, அதையும் இப்பமே சொல்லிடுதேன். முதல்ல உடம்புல ரத்தம் ஏறட்டும்."

ரத்தம் கொடுத்த நான்கு பேரில் பங்குச் சாமியாரும் ஒருவர். அவருடைய பிரசங்கங்களிலேயே மாமிக்குப் பிரயோசனப்பட்டது அந்த ஒரு பாட்டில் ரத்தம்தான் என்று அம்மா சொல்வாள். பிறகு இரும்புச்சத்து மாத்திரை, ஈரல், முருங்கைக்கீரை. இரண்டு மாதம் கழித்து ஆபரேஷன். பெரிய கட்டி ஒரு நார்த்தங்காய் அளவு இருந்ததாம். பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, கணவாய் மீன் தின்றதால் வந்தது, கண்பட்டு வந்தது என்று தீர்ப்புச் சொன்னார்கள். மாமி எல்லாருக்கும் தலையாட்டினாள். "டாக்டரம்மாவுக்கே முழுசா தெரியாதாம், இவளுவளுக்கு எப்படி மனசிலாச்சு?" என்று என் காதில் மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகும் அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. நேர்ச்சை பலிக்கவில்லையே என்று ஊர் வருத்தப்பட்டது. அப்படி ஒரு நேர்ச்சையே இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

போன மாதம் எனக்கு ஸ்கேன் பார்த்த டாக்டர், நெல்லிக்காய் அளவில் ஒன்று இருக்கிறது, தொந்தரவு இல்லையென்றால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்றும் கேட்டார். மாமிக்கு என்றேன். சொன்ன மாத்திரத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை கண்முன்னால் வந்து நின்றது.

ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் கழித்து மாமி கோயிலுக்கு வந்த ஞாயிறு அது. பீரோவின் அடித்தட்டில் கிடந்து மடிப்புக் கலையாத, நீலக்கரை வைத்த வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள். நான் முன்னாலேயே போய்த் தூணருகே அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். பிரசங்கம் தொடங்கியது. பெண்கள் எல்லாரும் நின்றபடி ஓரக்கண்ணால் மாமியையே பார்த்தார்கள். அவள் தூணைத் தாண்டி நடந்தாள். எனக்குப் பதறியது. முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமி, நேர்ச்சை முடியலியே. ஊரே பாக்கு. நில்லு."

"நீ நில்லு மக்கா" என்றாள். "நான் இரிக்கேன்."

நான் சொன்ன பொய்யை அதற்குள் நானே நம்பத் தொடங்கியிருந்தேன். பிள்ளை வரம் கைக்கு எட்டும் வரைக்கும் நின்றுவிட்டு, சட்டென்று கைவிட்டுவிட்டாளே என்று எனக்கு அழுகை வந்தது. மாதாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இரண்டு வாரம் மாமியோடு சரியாகப் பேசவில்லை.

அவளோ வெள்ளை டைல்ஸின் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். 'அப்பாடா' என்று ஒரு பெருமூச்சோடு அவளைச் சுற்றி மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பூசை முடிந்ததும் மாமி தரையில் கையை ஊன்றி எழுந்தாள். சேலையைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள்.