பாதிக் காற்றுக்குக் கூலி

மின்சாரம் போனதும் கிரைண்டர் உடனே நிற்பதில்லை. கல் தானாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, மாவின் கனம் தாங்காமல் அடங்கும். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா கைவேலையை விட்டுவிட்டு ஒரு கணம் சும்மா நிற்பாள். பிறகு பாதி அரைபட்ட அரிசியைப் பார்த்து, யாரையும் திட்டாமல், மூடியைப் போட்டு மூடுவாள். அந்த வருடம் நான் வேலையால் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது எத்தனையோ நாள் இதைத்தான் பார்த்தேன்.

மலைநாட்டில் மழை பிந்திய வருடம் அது. நீர்த்தேக்கங்கள் வற்றிவிட்டன, மின்வெட்டு தவிர வேறு வழியில்லை என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் தோட்டத்துக்குப் பின்னேரம் ஒரு தடவையும் இரவில் ஒரு தடவையும் வெட்டு. தோட்டம் என்றால் செடிகொடி எதுவும் இல்லை. ஒரு பொதுக் குழாயைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும் வீடுகளைத்தான் கொழும்பில் அப்படிச் சொல்வோம்.

அம்மா இட்லி, தோசை மாவு விற்பவள். வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு முதல் பஸ்ஸில் இரண்டு வாளி மாவு போக வேண்டும். பின்னேரம் அரைத்தால்தான் இரவு முழுக்கப் புளித்து விடியும்போது பொங்கியிருக்கும். பிந்தி அரைத்தால் இட்லி தட்டையாகக் கிடக்கும். சில தடவை அப்படி ஆகிவிட்டது. கடை முதலாளி கோபப்படவில்லை. கல்கிசையில் ஜெனரேட்டர் வைத்து அரைக்கும் ஒருவர் மாவு தரட்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், பார்த்துச் செய்யுங்கள் அக்கா என்று மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதையில்தான் அம்மா பயந்துபோனாள். அந்தக் கடை போனால் அவளுக்கு மிஞ்சுவது பக்கத்து வீடுகளுக்கு அளந்து ஊற்றும் மாவுதான்.

அம்மா விற்ற மாவில்தான் நான் படித்தேன். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர். கையெழுத்துப் போட வராது. அம்மா பஸ்ஸின் போர்ட்டை வாசிக்கமாட்டாள், கண்டக்டரின் குரலை வைத்துத்தான் ஏறுவாள். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படித்து, இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். மோட்டார் எரிந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் காலி நகரத்துக்குப் போகும் வீதி நெடுகப் பஸ்ஸில் நின்றபடி வந்து, இன்னொரு பஸ் மாறி, வீட்டுக்கு வரும்போது ஒரு வயரும் என் கண்ணில் படக்கூடாது என்றிருக்கும்.

அப்படி வந்த ஒரு நாளில்தான் சித்தப்பா தன் லொறியிலிருந்து அந்தக் காற்றாடியை இறக்கினார். ஹெந்தளைப் பக்கம் மூடிப்போன ஒரு கடற்கரை விடுதியின் சாமான்களை ஏற்றப் போயிருக்கிறார். இதை யாரும் எடுக்கவில்லை, நீ கொண்டுபோ என்று கொடுத்துவிட்டார்களாம். மூன்று வெள்ளை இறக்கை, மீன்வால் போல ஒரு தகடு, நீளமான இரும்புக் குழாய், இரண்டு பெரிய பற்றரி, பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டர் பெட்டி.

"காத்துல கரண்டு, பாப்பா. பில்லும் இல்ல, வெட்டும் இல்ல," என்றார் சித்தப்பா என்னிடம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு நேரத்தோடு சாப்பிட்டுப் படுத்திருக்கலாம். நான் வேலையிடத்தில் காற்று வேகம் அளக்கும் சின்னக் கருவியை இரவல் வாங்கிவந்து, சில பின்னேரங்கள் கூரையில் ஏறிப் பிடித்துப் பார்த்தேன். சுற்றிலும் மாடிக் கட்டடங்கள். கடலிலிருந்து வரும் காற்று அவற்றில் மோதி, உடைந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் எங்கள் தகரத்துக்கு மேலே அலைந்தது. வாசலில் நிற்கிறவருக்கு அது சுகமான காற்று. இறக்கையைச் சுழற்ற அது போதாது.

காற்றாடியில் எழுதியிருந்த வலு திறந்த கடற்கரையின் பலத்த காற்றுக்கு உரியது என்று அப்பாவுக்கு விளக்கினேன். காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒன்றுதான் என்றேன். அப்பா அதை நம்பவில்லை. அவருக்கு அது கணக்காகத் தெரியவில்லை, அநியாயமாகத் தெரிந்தது.

"அரை நாள் தூக்குனா அரைக் கூலி. எட்டுல ஒரு பங்கு குடுக்குறதுக்கு இது எந்த ஊரு மொதலாளி?"

"காத்து அப்பிடித்தான்ப்பா."

"அப்ப ஒனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவன் மொதலாளி கட்சி," என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"கல்லு சுத்துமா, சுத்தாதா?"

"சுத்தாதும்மா."

அவள் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அப்பா என்னோடு கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரும் சித்தப்பாவும் அம்மா சமைக்கும் குசினிச் சுவரோடு சேர்த்துக் குழாயை நிறுத்தினார்கள். வயர் வேலையை நான்தான் செய்தேன். வேறு யாரும் செய்தால் வீடு எரியும்.

அது சுற்றவில்லை. கொழும்பில் காற்று செத்துப்போகும் மாதங்கள் அவை, வியர்வை காயாது. எப்போதாவது ஒரு வீச்சு வந்தால் காற்றாடி கழுத்தைத் திருப்பி ஒரு பக்கம் பார்க்கும், இன்னொரு வீச்சு வந்தால் மறுபக்கம் பார்க்கும். இறக்கை அரைச் சுற்றுப் போய் நிற்கும். பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் வாளியை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு கூப்பிட்டாலும் திரும்புது, தலைய தலைய ஆட்டுது, வேல மட்டும் செய்யல. நம்ம வீட்டு ஆம்பளய மேல ஏத்தி வச்ச மாதிரி இருக்கு," என்றாள். குழாயடி முழுக்கச் சிரித்தது. அப்பா உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு அப்போது சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது களைப்புத்தான். நான் சொன்னது சரி. ஆனால் பின்னேரமானால் கல் நின்றது. அம்மா கையால் உரலில் ஆட்டிப் பார்த்தாள். இரண்டு வாளிக்கு அவள் தோள் போதவில்லை.

பற்றரிகளைப் பற்றி எனக்குத் தோன்றியது பஸ்ஸில்தான். காற்றாடி உதவாவிட்டால் பற்றரியும் உதவாது என்று யார் சொன்னது? இரண்டிலும் இன்னும் உயிர் இருந்தது. மின்சாரம் இருக்கும் நேரத்தில் ஏற்றிவைத்து, இல்லாத நேரத்தில் அரைக்கலாம். சித்தப்பாவின் லொறி பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டியைக் கொண்டுவந்து பூட்டினேன். முதல் நாள் கிரைண்டரைப் போட்டதும் இன்வேட்டர் கத்திக்கொண்டு நின்றுவிட்டது. அரிசியோடு கல்லைக் கிளப்பும்போது மோட்டார் இழுக்கும் இழுப்பை அதால் தாங்க முடியவில்லை. வெறுங்கல்லைச் சுற்றவிட்டு, பிறகு அரிசியைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடும்படி அம்மாவிடம் சொன்னேன். அப்படிப் போட்டாள். வெட்டு நேரத்தில், தோட்டமே இருட்டிக்கொண்டு வரும்போது, எங்கள் வீட்டில் கல் ஓடியது.

கடைக்கு மாவு நேரத்துக்குப் போனது. கல்கிசைக்காரர் பேச்சு அடங்கியது.

அதைவிட வேகமாக இன்னொரு பேச்சுக் கிளம்பியது, காற்று மின்சாரத்தில் மாவு அரைக்கிறார்கள் என்று. அப்பாதான் தொடங்கிவைத்தார். மேலே அசையாமல் நிற்கும் காற்றாடியைக் காட்டி யாராவது கேட்டால், இப்போது ஓடுவது பற்றரியில் சேர்த்துவைத்த காற்று என்பார். இல்லை, அது சுவர் பிளக்கிலிருந்து ஏற்றியது, காற்றாடியின் வயரில் ஒன்றும் வருவதில்லை என்று நான் ஒவ்வொருவருக்கும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், தலையாட்டினார்கள். பக்கத்து வீட்டு அக்காவே ஒரு நாள் என்னைப் படியில் மறித்து, "ஒங்கப்பாக்கிட்ட சொல்லி எங்களுக்கும் ஒண்ணு பூட்டித் தரச் சொல்லேன், நீ சொன்னா கேப்பாரு," என்றாள். மோட்டார் எரிந்தால் கூப்பிடப்படும் என்னிடம். அன்று சாப்பிடாமல் படுத்தேன்.

அம்மாவிடம் முறையிட்டேன். நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். மாவு அரைபடுகிறது, யார் பெயர் சொன்னால் என்ன என்றுவிட்டாள். அவளுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

வைகாசி முடியும்போது தென்மேல் காற்று வந்தது, மழையோடு வந்தது. காற்றாடி சுற்றியது. சும்மா இல்லை, இறக்கை கண்ணுக்குத் தெரியாத சுற்று. அப்பா நனைந்துகொண்டே என்னைக் கூப்பிட்டார். காற்றாடி வயரில் நான் பூட்டியிருந்த மீட்டரில் முள் ஏறியிருந்தது, மின்சாரம் வந்துகொண்டிருந்தது.

"இப்ப சொல்லு," என்றார்.

"வருதுப்பா," என்றேன். வந்ததை வரவில்லை என்று சொல்ல நான் படிக்கவில்லை.

அன்று முழுக்க அது ஊளையிட்டது. குழாய் வழியாகச் சுவருக்கு ஒரு நடுக்கம் இறங்கியது. சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த பலகையில்தான் அம்மா மாவு வாளிகளைப் புளிக்க வைத்திருந்தாள். விடியற்காலை மூடியைத் திறந்தவள் கூப்பிட்ட குரலில் நான் எழுந்து ஓடினேன். மாவு பொங்கிய தடம் வாளியின் விளிம்பு வரை காய்ந்திருந்தது. மாவு கீழே அடங்கிக் கிடந்தது, இளநீர் வழுக்கை போல. பொங்கப் பொங்கச் சுவர் அதை ஆட்டி அடக்கியிருக்கிறது. அம்மா என் கையைப் பிடித்துப் பலகையில் வைத்தாள். மணிக்கூட்டை உள்ளங்கையில் வைத்தது போலத் துடித்தது.

அந்த மாவைத்தான் கொண்டுபோனாள். முதலாளி தோசைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு வாளியைத் திருப்பிவிட்டார். நாளைக்கும் இப்படியென்றால் வேண்டாம் என்று இந்த முறை மரியாதை இல்லாமலே சொன்னாராம். திரும்பி வந்தவள் சேலையைக்கூடப் பிழியாமல் அப்பாவின் முன்னால் நின்றாள்.

"அத நிறுத்துங்க."

"இப்பத்தானே காத்தே வந்திருக்கு," என்றார் அப்பா.

"காத்து வரட்டும். எனக்கு மாவு வரணும்."

அப்பா மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு ஏணியை எடுத்துவந்தார். பிறகு என்னைப் பார்த்து, எப்படி நிறுத்துவது என்று கேட்டார். நான் வயரைப் பற்றரிப் பக்கத்திலிருந்து கழற்றி, இரண்டு நுனிகளையும் ஒன்றாக முறுக்கினேன். அப்படிச் செய்தால் அதன் சொந்த மின்சாரமே அதைப் பிடித்து இழுக்கும். ஊளை தணிந்தது, இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்தன. எந்த இறக்கையை எந்தப் பக்கமாக இழுத்துக் கட்டுவது என்று நான் கீழிருந்து சொல்லச் சொல்ல, அவர் மூட்டை கட்டும் கயிற்றால் கட்டினார். ஏணியைப் பிடித்திருந்த என் முகத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

அந்த வாரமே மின்வெட்டை நிறுத்தினார்கள். காற்றைக் கொண்டுவந்த மழைதான் நீர்த்தேக்கங்களையும் நிரப்பத் தொடங்கியிருந்தது. கடை அம்மாவின் கையை விட்டுப் போகவில்லை. காற்றாடிக்குப் பலம் கூடிப்போய்விட்டது, இந்த வீடு தாங்காது என்று அப்பா குழாயடியில் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது. நான் போய்த் திருத்தவில்லை. காற்றாடியைக் கட்டிய மறுநாள் விடியற்காலை மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஒரு வாளியை அம்மா எடுத்தாள், மற்றதை நான் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் இடம் கிடைத்ததும் வாளியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தை வரை தூங்கினேன்.