மேலே ஒருத்தன்

செகந்திராபாத் ராணுவ ஆள்சேர்ப்பு மைதானத்தில் என் அண்ணன்கள் இருவரையும் நைனா பிரித்து நிறுத்திய காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒன்றாக நின்றவர்களில் சின்னண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்து, "நீ வேற பிரிவுக்குப் போ. ரெண்டு பேரும் ஒண்ணா சேரக் கூடாது" என்றார். "இது இன்னா பந்தியா நைனா, எடம் மாத்தி உக்கார்றதுக்கு?" என்றான் அவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நைனா அசையவில்லை.

வட ஆற்காட்டிலிருந்து வந்து கொத்தகூடம் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர் அவர். அங்கே அண்ணன் தம்பிகள் ஒரே ஷிப்டில் குழிக்குள் இறங்குவதில்லை. ஒரே வீட்டில் இரண்டு சாவு விழக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வழக்கம் என்று நினைத்திருந்தேன். நைனா சொன்ன காரணம் வேறு. "கூரை இடிஞ்சி உக்காந்துட்டா ஊரான் முடிஞ்ச மட்டும் தோண்டுவான். கூடப் பொறந்தவன்தான் கெடைக்கிற மட்டும் தோண்டுவான். அவன் மேல நிக்கணும்."

அண்ணன்கள் வெவ்வேறு பிரிவுகளில்தான் சேர்ந்தார்கள். வங்கப் போர் வந்தபோது பெரியண்ணன் மேற்கு எல்லையில் இருந்தான், சின்னண்ணன் கிழக்கில். நான் செகந்திராபாத் பக்கம் அல்வாலில் ஓர் அறையில் தங்கிக் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குக் கையெழுத்து போட மட்டுமே தெரியும். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான்.

போர் முடிந்தது. பெரியண்ணன் நலம் என்று யாரோ எழுதிக் கொடுத்த கடிதம் வந்தது. சின்னண்ணனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நைனா சுரங்கத்தில் லீவு சொல்லிவிட்டு நேரே என் அறைக்கு வந்தார். "ரெண்டு பேரும் உள்ள போயிட்டானுங்க. இப்ப மேல நிக்கிறவன் நீதான்டா."

கடப்பாரை பிடிக்காத கை என் கை. என்னிடம் இருந்ததெல்லாம் கொஞ்சம் இந்தியும் காலேஜ் இங்கிலீஷும்தான். அதை வைத்துக்கொண்டு ராணுவ அலுவலகங்களுக்கு மனு எழுதினேன், வாசல் வாசலாக நின்று விசாரித்தேன். ஒரு வாசலில் காவலுக்கு இருந்தவர் செகந்திராபாத் தமிழர். ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று ஊர் உருது அவர் தமிழில் கலந்து வரும். "தினமும் கைக்கு வர்றே தம்பி? சேதி இருந்தா தந்தி வரும். இங்க நிக்க நக்கோ" என்பார். "கெடைக்கிற வரைக்கும் வருவேன்ணே" என்பேன்.

ஒரு காலை அவரே என்னைப் பார்த்ததும் கைதட்டிக் கூப்பிட்டார். "கிழக்கேருந்து காயம் பட்டவங்களை மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்காங்க. ஓடு."

நைனாவும் நானும் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டே போனோம். தாடி மண்டிய முகம். காலில் மாவுக்கட்டு, கைகளிலும் கட்டு. முதலில் சின்னண்ணன்தான் எங்களை அடையாளம் கண்டான். "எழுதச் சொல்லிக் குடுத்தேனே, லெட்டர் வரலியா?" என்றான். நைனா அழவில்லை. குனிந்து, "இருமு" என்றார். குழியில் புதைந்தவனை மேலே கொண்டுவந்ததும் முதலில் இருமத்தான் சொல்வார்கள். தூசி வெளியேறி மூச்சு சீராக ஓடினால்தான் பிழைத்தான் என்று பொருள்.

"கால்தான் ஒடைஞ்சுது நைனா, நெஞ்சு நல்லாத்தான் கீது."

"பேசாதடா. இருமு."

இருமினான். பக்கத்துக் கட்டில் சர்தார், கிழவர் என்ன கேட்கிறார் என்று என்னிடம் விசாரித்தார். சொன்னேன். உடனே அவரும் ஒரு இருமல் இருமிக் காட்டினார். எதிர்க் கட்டில்காரன் விடுவானா? வார்டு முழுக்கச் சிரிப்பும் இருமலுமாகிவிட்டது. நர்ஸ் வந்து திட்டினாள். நைனா அதையெல்லாம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று, காது கொடுத்துக் கேட்டு, "சரி" என்று தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

சின்னண்ணன் இன்று உப்பலில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறான். கொஞ்சம் சாய்ந்த நடை, பழைய வாய். நானும் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறார்கள். பஸ் அந்த ஆஸ்பத்திரியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அங்கிருந்த கடைசிக் கட்டில்தான் ஞாபகம் வரும்.

அதில் ஒரு பையன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். யார் கூப்பிட்டும் அசையவில்லை. பார்வை நேரம் முடிகிறது, கிளம்பலாம் என்றேன். நைனா அவன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ போ. இவன் இருமட்டும்."

நர்ஸ் எங்களைத் துரத்த வந்து நின்றபோது, அந்தப் பையன் திரும்பாமலேயே மெதுவாக ஒருமுறை இருமினான்.