வறட்சியே காணாத பாலாறு

பிரவீனா மாகறலிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து காஞ்சிபுரத்துக்கு வேலைக்கு வருகிறவள். புள்ளியியலில் எம்.எஸ்சி. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் கண்ணாயிரம் நடத்தும் சின்ன ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள். முகூர்த்த நாட்களில் வழி தவறி மாடியேறி வந்து, "பெரிய பார்டர் இருக்குதாம்மா?" என்று கேட்பவர்களைக் கீழே அனுப்புவதும் அவள் வேலைதான்.

போன கோடையில் ஓர் அரசு அலுவலகத்திலிருந்து வேலை வந்தது. பாலாற்றில் வறட்சி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். கண்ணாயிரம் அதற்கென்று ஒரு மென்பொருளை வாங்கிப் போட்டார். வருடம் முழுக்க ஆறு ஓடும் நாட்டுக்காரர்கள் எழுதியது அது. பத்தில் ஒன்பது நாள் ஆற்றில் குறைந்தது எவ்வளவு நீர் ஓடுகிறதோ அதை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளும். ஓட்டம் அதற்குக் கீழே இறங்கினால் வறட்சி.

வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணலாகக் கிடக்கும் பாலாற்றுக்கு அந்தக் கோடு பூஜ்யத்தில் வந்து உட்கார்ந்தது. பூஜ்யத்துக்குக் கீழே எந்த ஆறும் ஓடாது. ஆகவே பாலாறு இதுவரை ஒரு வறட்சியைக்கூடக் கண்டதில்லை என்று மென்பொருள் பச்சை எழுத்தில் அறிவித்தது.

பிரவீனா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "சார், இந்தக் காமெடியைப் பாருங்க" என்று மெயில் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனாள். கண்ணாயிரத்துக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது. அவள் அனுப்பிய முடிவுக்கு அட்டை போட்டு, அவள் பெயரையும் சேர்த்து, அந்த அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டார்.

மறுநாள் விஷயம் தெரிந்ததும் நேராக அவர் மேசைக்குப் போனாள்.

"இன்னா சார் பண்ணிட்டீங்க? அது தப்பு சார்."

"இன்னாமா தப்பு? கம்ப்யூட்டரே சொல்லுது. நல்ல சேதி சொன்னா யாரும் கோச்சிக்க மாட்டாங்க."

"நான் பாலத்து மேலதான் சார் வர்றேன். ஆத்துல மாடு மேஞ்சிக்கினு இருக்குது."

"மாடெல்லாம் டேட்டா இல்லமா."

அடுத்த நாளே அந்த அரசு அலுவலகத்தில் அறிக்கையைப் பற்றிக் கூட்டம். அன்று இரவு வீட்டில் தம்பி விஷாலிடம் புலம்பினாள். அவன் ஆற்று மணலில் கிரிக்கெட் ஆடுகிறவன். "தண்ணி வந்தாதான்கா எங்களுக்கு வறட்சி. போன தபா ஃபைனலே நின்னுபோச்சி" என்றான். அவனைத் திட்டிவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

எம்.எஸ்சி.யில் தூங்கி வழிந்துகொண்டே கேட்ட ஒரு வகுப்பு அரைகுறையாக நினைவுக்கு வந்தது. நீர் எவ்வளவு ஓடியது என்று இந்த ஆற்றிடம் கேட்டுப் பயனில்லை. ஓடாத நாட்கள் ஒரே மூச்சில் எவ்வளவு நீண்டன என்று கேட்கலாம். ஒவ்வோர் ஆண்டிலும் மிக நீண்ட வறண்ட காலத்தை எடுத்து, நீளப்படி வரிசைப்படுத்தி, ஒரு வளைகோட்டைப் பொருத்தினாள். பதுங்கியிருந்த வறட்சிகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின.

கூட்டத்தில் அதிகாரி அம்மையார் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "வறட்சியே இல்லையாமே, சந்தோஷம்" என்றார். கண்ணாயிரம் இரு கையும் குவித்தார். பிரவீனா எழுந்தாள்.

"மேடம், அந்தக் கணக்கு இந்த ஆத்துக்குப் பொருந்தாது. வேற முறையில போட்டுக் கொண்டாந்திருக்கேன்." தன் வரைபடத்தைத் திரையில் போட்டாள். "இதுல ரொம்ப மோசமான வறட்சி நாப்பது வருஷத்துக்கு ஒரு தரம் வர்ற மாதிரி."

பின்வரிசையில் ஒரு பொறியாளர் கையைத் தூக்கினார். "அப்போ நாப்பது வருஷத்துக்கு ஒருவாட்டி குளத்துலேர்ந்து வர்ற அத்தி வரதர் கணக்குதான். போன தபா எப்ப வந்துச்சின்னு பார்த்து, அடுத்ததை இப்பவே காலண்டர்ல குறிச்சிக்கலாம்."

அறையே சிரித்தது. பிரவீனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வரதரு சொன்ன வருஷம் கரெக்டா எழுந்து வருவாரு சார். வறட்சிக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. எந்த வருஷமானாலும் நாப்பதுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்குது. இந்த வருஷம் வந்துட்டு, வெக்கமே இல்லாம அடுத்த வருஷமும் வந்து நிக்கும்."

அம்மையார் பழைய அறிக்கையை மூடிக் கண்ணாயிரத்திடமே நீட்டினார். "இந்தப் பொண்ணு சொல்றதை எழுதிக் கொண்டாங்க."

கண்ணாயிரம் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், வந்தவர்களிடமெல்லாம் "நாங்க கண்டுபிடிச்ச முறை" என்று அளந்துகொண்டிருந்தார். இனி தான் படித்துப் பார்க்காமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று பிரவீனா கறாராகச் சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

புதிய அறிக்கை அச்சாகி வந்தது. உள்ளே ஒரு பிழையில்லை. அட்டையில் மட்டும் கண்ணாயிரம், வெள்ளக் காலத்தில் எடுத்த படம் ஒன்றைப் போட்டிருந்தார்: பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. அதற்கும் சண்டை போட அன்று அவளுக்குத் தெம்பில்லை.