அண்ணனின் அம்ப்ளிபயரும் நாற்பது நிமிடங்களும்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். அம்பிட்டியவில் எங்கள் பக்கம் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில்தான் குழாயில் தண்ணீர் வரும். தாங்கியை நிரப்பினேன். 5.40க்கு அண்ணனுக்குச் சீனி போடாத பிளேன்டீ. 6.30க்குப் பாணும் பருப்பும். 7.05 பஸ்ஸில் கண்டிக்குப் புறப்பட்டேன். அண்ணன் வாசலில் நின்று, வரும்போது கிட்டார்க் கம்பி ஒன்று வாங்கி வரும்படி சொன்னார். 11.20க்கு அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பக்கத்து வீட்டு ஆசிரியை பேசினார். கிட்டார்ச் சத்தம் பாதியில் நின்றதாகவும், கூப்பிட்டும் பதில் இல்லாததால் கதவைத் தள்ளி உள்ளே போனதாகவும் சொன்னார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு.

ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் சிலருக்கு இக்கட்டுரை பிடிக்காது. அச்சுக்குப் போகுமுன் இதை வாசித்த அத்தான், எங்கள் அக்காவின் கணவர், "நல்லத மட்டும் எழுதும்மா. செத்தவர் பேரால சண்ட வேணாம்" என்றார். அண்ணனைப் பற்றி நல்லது எழுதுவதென்றால் அவருடைய அம்ப்ளிபயரைப் பற்றி எழுதாமல் முடியாது. அதைப் பற்றி எழுதினால் அத்தானைப் பற்றி எழுதாமல் முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

அண்ணன் 1961இல் ஹந்தானையில் பிறந்தார். அப்பா தோட்டத்துக் கிளாக்கர். அண்ணனுக்கு ஒன்பது வயதானபோது அம்பிட்டியவுக்கு வந்தோம். பதினேழாவது வயதில் அப்பாவை இழந்ததும் உயர்தரப் படிப்பை விட்டுவிட்டு, கண்டியில் ஒரு ஹோட்டலில் மின் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தார். அக்காவின் திருமணமும் என் படிப்பும் அந்த வேலையில்தான் நடந்தன. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் ஒன்பது நாள் பக்கத்துச் சிங்கள வீட்டில் ஒளிந்திருந்தோம். பத்தாம் நாள் அண்ணன் வேலைக்குப் போனார். அவர் தமக்கென்று எதையும் கேட்டதை நான் பார்த்ததில்லை.

அந்த ஹோட்டல் இசைக்குழுவில் கிட்டார் வாசித்த பறங்கியர் ஒருவர் 1986இல் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது, பழுதாகிக் கிடந்த தம் அம்ப்ளிபயரை அண்ணனிடம் கொடுத்தார். இங்கிலாந்தில் செய்த மரப்பெட்டி, கறுப்புத் தோல் ஒட்டியது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்கலாம். உள்ளே டிரான்சிஸ்டர் கிடையாது, கண்ணாடி வால்வுகள். முதல் சுவிட்சைப் போட்டு, வால்வுகள் சூடாகும்வரை ஒரு நிமிடம் பொறுத்து, அதன் பின்னரே இரண்டாவது சுவிட்சைப் போட வேண்டும். அந்த ஒரு நிமிடமும் அண்ணன் கைகட்டி நிற்பார். யாராவது அவசரப்படுத்தினால், "பழைய பெட்டி. சூடாகணும், பொறுங்க" என்பார். முப்பது ஆண்டுகள் இந்த வாக்கியத்தைக் கேட்டவள் நான்.

கலஹாவிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை கல்யாண வீடுகளில், தாமே திருத்தியெடுத்த அந்தப் பெட்டியுடன் கிட்டார் வாசித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. "பெட்டிக்குத்தானே தாலி கட்டியிருக்கான்" என்று அத்தான் பந்தியில் வைத்துச் சிரிப்பார். "இது ஒரு நிமிஷத்துல சூடு ஆகும், சுவிட்ச அணச்சா ஆறிடும் அத்தான். அக்காவுக்கு எப்பிடி?" என்று அண்ணன் ஒருமுறை திருப்பிக் கேட்டார். அக்காவும் சேர்ந்துதான் சிரித்தார்.

2018இல் அண்ணன் பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்காகப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த நாட்களில்தான் கோயில் திருவிழா. அத்தான் விழாக் குழுச் செயலாளர். வாடகைக்குச் சொன்ன ஒலிபெருக்கி வரவில்லையென்று, பெட்டியைக் கேட்டு வீட்டுக்கு வந்தார். "சாவியக் குடும்மா, சாமி காரியம்" என்றார். அண்ணனிடம் கேட்க வேண்டும் என்றேன். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை இதற்காகத் தொந்தரவு செய்வதா என்றார். அண்ணனின் அறைச் சாவியைக் கொடுத்தேன். பெட்டியின் பின்னாலேயே நானும் போனேன்.

அன்னதானப் பந்தலில் பெட்டியை வைத்து, அதன் சொந்த ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி, அந்த இடத்தில் மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரின் வயரைச் செருகப் பார்த்தார்கள். அது பொருந்தவில்லை. பிடுங்கியதைப் பிடுங்கியபடியே விட்டுவிட்டு மைக்கை மட்டும் மாட்டி, இரண்டு சுவிட்சையும் ஒன்றாகப் போட்டார்கள். சத்தம் வரவில்லை. எல்லாக் குமிழையும் கடைசிவரை திருப்பினார்கள். அப்போதும் வரவில்லை. கரிந்த வார்னிஷ் வாடை வந்த பிறகுதான் அணைத்தார்கள். வால்வுப் பெட்டியை ஸ்பீக்கர் இல்லாமல் இயக்கக் கூடாது. வெளியே போக வேண்டிய சக்தி போக வழியில்லாமல் உள்ளே இருக்கும் டிரான்ஸ்போமரை எரித்துவிடும். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பெட்டியைத் துணியால் துடைத்து, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். "கோயில் வேலையில போனது, அதுவும் புண்ணியந்தான்" என்றார் அத்தான். மறுநாள் கோயில் அறிவித்தல் பலகையைப் பார்த்தேன். அன்றைய ஒலிபெருக்கி உபயம் என்று அத்தானின் பெயரை எழுதியிருந்தார்கள். வராத சத்தத்துக்கு உபயம். கடைசிவரை ஒருவரும் அண்ணனிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. பழசு, எப்படியும் எரிந்திருக்கும் என்று மட்டும் பலர் சொன்னார்கள். பழசுதான். அதற்கு முன் முப்பத்திரண்டு ஆண்டுகள் எரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அண்ணன் அறை வாசலிலேயே நின்று மோந்து பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எவ்வளவு நேரம் போட்டு வச்சிருந்தாங்க?"

"தெரியாதுண்ணே" என்றேன்.

எனக்குத் தெரியும். நாற்பது நிமிடங்கள். 11.10 முதல் 11.50 வரை. அன்றைய நாட்குறிப்பில் என் கையெழுத்தில் இருக்கிறது. ஐந்தாம் நிமிடத்தில் அத்தான் அணைக்கத்தான் போனார். "பழைய பெட்டி அத்தான், சூடாகணும், பொறுங்க" என்று அவரைத் தடுத்தவள் நான். அண்ணனின் வாக்கியத்தின் பொருளில் பாதியைத்தான் கற்றிருந்தேன். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு, தெரிந்தவளைப் போல, கைகட்டி நின்றேன். அத்தான் மீது எனக்குள்ள கோபம் குறையாது. என் மீதுள்ளது அதைவிடச் சற்றுக் கூடுதல். இதை அண்ணனிடம் சொல்லவில்லை. இந்த மலரில்தான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

அடுத்த ஐந்து ஆண்டுகள் அண்ணன் அந்தப் பெட்டியைத் திருத்தினார். எரிந்த டிரான்ஸ்போமரின் கம்பியைச் சுற்றுச் சுற்றாகக் கையால் பிரித்து எண்ணினார். அவர் எண்ண, நூறுக்கு ஒரு கோடு நான் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியபோது, பாண் விற்கும் ஆட்டோ பாட்டுப் போட்டபடி தெருவில் போனது. அண்ணனுக்கு எண் தவறிவிட்டது. தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் கோடுகளைப் பார்த்துச் சிரித்து, "நீ இல்லாட்டி என்ன செய்வேன் தங்கச்சி" என்றார். சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.

செம்புக் கம்பி கிடைக்காத மாதங்கள் இருந்தன. 2022இல் மின்வெட்டு. பற்றவைக்கும் கோல் சூடேறும்போது மின்சாரம் போய்விடும். காய்ந்துபோன கண்டன்சர்களை மாற்றினார். கறுத்த வால்வு ஊசிகளைப் பழைய பல்தூரிகையால் தேய்த்தார். கிழிந்த ஸ்பீக்கர் கடதாசியை மெல்லிய தாளால் ஒட்டினார். 2023 பெப்ரவரி 19, மாலை 5.30. முதல் சுவிட்ச். கைகட்டி ஒரு நிமிடம். இரண்டாவது சுவிட்ச். ஒரே ஒரு கம்பியைத் தட்டினார். அந்தச் சத்தம் உடனே அடங்காமல், ஓரம் கொஞ்சம் கரகரத்து, அறை முழுக்க நின்றது. கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் அதிர்ந்தன. "கேட்டியா?" என்றார். கேட்டேன். அதன் பிறகு ஓராண்டுக்கு மேல், வீட்டில் இருந்த ஒவ்வொரு மாலையும் வெங்காயம் உரித்தபடி கேட்டேன். அறுபது வயதுக்குப் பிறகு அவர் அவ்வளவு நன்றாக வாசித்தார் என்பது உறவினர்கள் யாருக்கும் தெரியாது. யாரும் வந்து கேட்கவில்லை.

நன்றி கூற வேண்டியவர்கள் இருக்கிறார்கள். டிரான்ஸ்போமரை இருமுறை சுற்றி, முதல் முறை பிழையாகச் சுற்றியதற்கு வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்ட கட்டுகஸ்தோட்டைப் பட்டறைச் சிங்கள பாஸ். "இது இல்லாம நீங்க தூங்க மாட்டீங்கன்னு தெரியும் தம்பி" என்று கொழும்பில் கடை கடையாக ஏறி வால்வு தேடித்தந்த, அண்ணன் 'நானா' என்று மூத்தவராக அழைத்த முஸ்லிம் நண்பர். அன்று கதவைத் தள்ளிய ஆசிரியை. இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அனைவரும். அவர்களில் அத்தானும் ஒருவர். தோள் கொடுத்ததற்கு அவருக்கும் நன்றி.

மார்ச் 12இன் மிகுதியையும் எழுதி முடிக்கிறேன். பிற்பகல் 2.10க்கு வீடு வந்தேன். பெட்டி அணையாமல் இரைந்துகொண்டிருந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு அது தோன்றியிருக்காது. இரண்டாவது சுவிட்சை முதலிலும் முதல் சுவிட்சைப் பிறகும் அணைத்தேன். 4.30க்கு அத்தானும் அக்காவும் வந்தார்கள். உடலைப் பதப்படுத்தும் மலர்ச்சாலையிலிருந்து மறுநாள் காலை எட்டுக்கு அண்ணனைக் கொண்டுவர ஏற்பாடு செய்தோம். பிறகு அத்தான் அறைப் பக்கம் பார்த்தார்.

"பெட்டி இப்ப வேல செய்யுதுதானே? சாவியக் குடும்மா. தேவாரம் படிக்க மைக் வேணும்."

"தர மாட்டேன் அத்தான்."

"சாவு வீட்டுல என்னடி கோபம்?" என்றார் அக்கா.

"தர மாட்டேன்" என்று மீண்டும் சொன்னேன். தேவாரத்தை மைக் இல்லாமலேயே படித்தார்கள். தெரு முனைவரை கேட்டது.

மறுநாள், மார்ச் 13, 4.50க்கு எழுந்தேன். தண்ணீர் இன்னும் வரவில்லை. முதலில் அண்ணனின் அறையைத் திறந்து, பெட்டியின் பின்பக்கம் கையை விட்டு, ஸ்பீக்கர் வயர் அதன் இடத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தது. அறையைப் பூட்டிவிட்டு, வருகிறவர்களுக்காக முன்கதவைத் திறந்தேன்.