எண்ணூரில் நான் செய்த முதலை

என் மனைவி தெரசாவின் தம்பி சவரிமுத்துவை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது எண்ணூர் கழிமுகத்துக் கரையில். முழங்கையில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். சினிமாக் கம்பெனிக்குத் தச்சு வேலை செய்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பொருள் பத்து நாள் நின்றால் போதும் என்பார்கள். அந்தப் பத்து நாளும் அதற்குள் இருக்கப்போகிறவனைப் பற்றி நாம்தான் கவலைப்பட வேண்டும்.

அது ஊமைப்படக் காலம். ராயபுரத்தில் படகுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்த என்னை ஒரு கம்பெனி கூப்பிட்டது. பிள்ளைகளோடு குடும்பமாகப் பார்க்கிற படம், குரங்கும் முதலையும் கதை. சிநேகிதனான குரங்கை முதலை முதுகில் ஏற்றிப் போகும். நடு ஆற்றில், "என் பெண்டாட்டி உன் ஈரலைக் கேட்கிறாள்" என்று சொல்லும். ஈரலை மரத்திலேயே வைத்துவிட்டேனே என்று குரங்கு தப்பித்துக்கொள்ளும்.

குரங்கு நிஜம். முதலை என் பொறுப்பு. கவிழ்த்த படகு மாதிரி, அடிப்பக்கம் திறந்த ஒரு கூடு செய்தேன். ஒருவன் மார்பளவுத் தண்ணீரில் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்க வேண்டும். கடலுக்குப் போகிறவனாயிற்றே என்று சவரியைச் சிபாரிசு செய்தது நான்தான். தெரசா ஒன்றுதான் சொன்னாள்: "அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ வூட்டுக்கு வராதே."

பெயர் இல்லாத கட்டை

முதல் நாள் சவரி தண்ணீரில் இறங்க மறுத்தான். எங்கள் பக்கத்தில் புதுப் படகானாலும் கட்டுமரமானாலும் ஒரு புனிதர் பெயரை வைத்த பிறகுதான் தண்ணீரைத் தொடும். "பேர் இல்லாத கட்டைக்குக் கீழ நான் தலையக் குடுக்க மாட்டேன் மாமா," என்றான். எனக்கும் அது சரியென்றே பட்டது. யாருக்கும் தெரியாதென்று நினைத்து, தாடையின் உள்பக்கம் சுண்ணாம்பால் 'அந்தோணியார்' என்று எழுதினேன்.

முதல் காட்சியிலேயே முதலை வாயைத் திறந்தது. டைரக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஏன்யா, ஈரல் திங்கப்போற முதலைக்கு ஞானஸ்நானம் பண்ணியா வச்சிருக்கே?"

அடைப்பு

படகுத் தச்சனுக்கு இருக்கிற ஒரே பயம், தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்பது. பழக்கதோஷத்தில் முதலையின் ஒவ்வொரு இணைப்பிலும் தென்னை நார் செருகி, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி, மேலே தாரும் பூசியிருந்தேன். வாய்க்குப் பின்னால் பலகை. கண்ணுக்குக் கண்ணாடிச் சில். ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. காற்றும் வராது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாம் நாள் முதலை நடு நீரில் நின்றுவிட்டது. முதுகில் குரங்கு. டைரக்டர் சந்தோஷமாக, "முதலை யோசிக்குது, நிறுத்தாதே, ஓட்டு," என்றார். வால் மெல்லச் சாய்வதை நான் பார்த்தேன். வேட்டியோடு பாய்ந்து முதலையைப் புரட்டினேன். குரங்கு என் தலைக்குத் தாவியது. சவரியின் உதடு நீலமாக இருந்தது. கரையில் போட்டு நெஞ்சைத் தேய்த்தேன். ஒரு வழியாகக் கண்ணைத் திறந்து கேட்டான்: "காத்துக்கு ஒரு ஓட்டை போட்டா முதலை செத்துடுமா மாமா?"

பத்து மந்திரம்

முதுகில் ஓட்டை போட்டேன். சவரியின் மூச்சு அதன் வழியாக வெதுவெதுப்பாக வரும். கழிமுகத்துக் குளிர்காற்றில் குரங்கு அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டது. கடலை போட்டாலும் நகராது. குரங்காட்டி காதர் பாய் கையை விரித்துவிட்டார்.

ஓட்டை அடைபட்டால் அவன் எத்தனை நேரம் தாங்குவான் என்று பார்க்க என்னிடம் கடிகாரம் கிடையாது. காமிராவில் படாத இடத்தில், கழுத்தளவு நீரில் குந்திக்கொண்டு, மாதாவுக்குச் சொல்கிற அருள் நிறைந்த மந்திரத்தைப் பத்து முறை சொல்வேன். பத்து முடிந்தால், காட்சி முடிந்தாலும் முடியாவிட்டாலும், முதலையைக் கரைக்கு இழுத்துவிடுவேன். ஈரல் காட்சி மூன்று முறை கெட்டது. சில சமயம் எட்டிலேயே எனக்குப் பொறுக்காது. டைரக்டர் தொப்பியைக் கழற்றி மணலில் எறிந்தார்: "உன் ஜெபத்துக்கு அளவெடுத்தா நான் படம் எடுக்கணும்?"

கடைசி நாள்

படம் முடிந்தது. சவரி சிநேகிதர்கள் இரண்டு பேரோடு எண்ணூரிலிருந்தே கட்டுமரம் ஏறுவதாகச் சொன்னான். பெயர் வைத்த கட்டுமரம், சுற்றிலும் காற்று. பத்து வயதிலிருந்து அவன் போகிற கடல். பத்து நாளில் முதல் தடவையாக எனக்குப் பயமில்லாமல் இருந்தது. சரி என்றேன்.

அன்று சாயங்காலம் புயல்காற்று எழுந்தது. மற்ற இரண்டு பேரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். கட்டுமரம் ஏறும்முன், தார் துடைத்த துணியை என் தோளில் போட்டுவிட்டு சவரி கடைசியாகச் சொன்னது இது: "இனிமே மந்திரத்த வுட்டுட்டு நிம்மதியா தூங்கு மாமா."

கொட்டகை

சில மாதம் கழித்துப் படம் ராயபுரத்துக் கூடாரக் கொட்டகைக்கு வந்தது. தெரசா அதுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனாலும் வந்தாள். பிள்ளைகள் குரங்கைப் பார்த்து, "ஏறாதே, ஏறாதே," என்று கத்தினார்கள். அவள் முதலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடு ஆற்றில் முதலை நின்றது. அந்த இரண்டாம் நாள் காட்சியை டைரக்டர் வெட்டாமல் வைத்திருந்தார். வால் சாயத் தொடங்கியது. தெரசா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "உள்ள மூச்சு வுட்றானா?"

எங்கள் குடும்பத்தில் சினிமாவில் நடித்தவன் சவரி ஒருவன்தான், அவனுடைய போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை.